கதவு திறந்திருக்கிறது, கட்டில் எங்கே?



மாதந்தோறும் காணிக்கை அனுப்பி எங்கள் மருத்துவமனையைத் தாங்கிவரும் சபையாரில் சிலர், சமீப காலமாக ஏறக்குறைய ஒரே கேள்வியை எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் எப்பொழுது வந்து பார்த்தாலும் இத்தனை நெரிசல் ஏன்? வந்தவர்களை மணிக்கணக்கில் ஸ்ட்ரெச்சரிலேயே படுக்க வைத்திருக்கிறீர்களே, அது ஏன்? இன்னும் நாலு கட்டில் போட்டு, இன்னும் ஒரு டாக்டரை நியமித்தால் தீர்ந்துவிடாதா? அந்தச் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்ளலாமா? என்றெல்லாம் கேட்கிறார்கள். அன்பினால் எழுந்த கேள்விகள். இரண்டு வரியில் நன்றி சொல்லிப் பதில் எழுதிவிட மனம் வரவில்லை. ஆகையால் இந்த இதழின் பாடப் பகுதியை இதற்கென்றே எடுத்துக்கொண்டோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நெரிசல் அவசர சிகிச்சைப் பிரிவில் கண்ணுக்குத் தெரிகிறதே தவிர, அங்கே உண்டாவதில்லை. அதற்கு முன்னால் வீட்டிலும் ஊரிலும் நடக்காமல் போனவையும், அதற்குப் பின்னால் வார்டுகளில் நகராமல் நிற்பவையும் சேர்ந்து அந்த ஒரே அறையில் வந்து முட்டுகின்றன. எங்கள் ஊர் அனுபவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. பல நாடுகளில் இந்தத் துறையில் உழைக்கும் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுவே.

துறை என்று சொன்னோம். அது மிகவும் புதிய துறை. நம் பெரியவர்கள் கேஷுவால்டி என்று சொல்லிப் பழகிய அறை மருத்துவமனை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும். அப்போதுதான் படித்து முடித்த இளம் டாக்டர் ஒருவர், ஒரு நர்ஸ், காயம் கட்டுகிற ஒருவர், அவ்வளவுதான். பெரிய டாக்டரை வீட்டிலிருந்து அழைத்துவர ஆள் ஓடும். மேல்நாட்டிலும் அதே கதைதான். 1961-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து அலெக்ஸாண்ட்ரியா நகரில் ஜேம்ஸ் மில்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்கள் மூவரும் தங்கள் சொந்தத் தொழிலை விட்டுவிட்டு, முழு நேரமும் இந்த அறையையே கவனிப்பது என்று தொடங்கினார்கள். அந்நாட்டில் இது தனி மருத்துவத் துறையாக அங்கீகாரம் பெற்றது 1979-ல். நம் நாட்டில் இந்திய மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்தது 2009-ல். இருதய நிபுணர் இருதயத்தைப் பார்க்கிறார். இவர்களோ, அந்த இருதயம் எந்த வழியாய், எத்தனை மணி தாமதமாய், யார் யார் கையில் பட்டு இங்கே வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இன்றைய மருத்துவத்தின் குறைகளைப் பற்றி இவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டியதற்குக் காரணம் அதுதான்.

மூடக்கூடாத கதவு

மருத்துவமனையின் மற்ற எல்லாப் பிரிவுகளுக்கும் நேரம் உண்டு, டோக்கன் உண்டு, "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லும் உரிமை உண்டு. இந்த ஒரு கதவுக்கு மட்டும் இல்லை. ஆனால் அது தானாகத் திறந்த கதவு அல்ல, பல உயிர்கள் போன பிறகு திறக்க வைக்கப்பட்ட கதவு.

1980-களில் அமெரிக்காவின் தனியார் மருத்துவமனைகள் பணமில்லாத நோயாளிகளை ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குத் தள்ளிவிடுவது வழக்கமாயிருந்தது. சிகாகோ நகரத்துக் குக் கவுன்ட்டி மருத்துவமனையின் டாக்டர்கள், அப்படித் தங்களிடம் வந்து சேர்ந்த 467 நோயாளிகளைப் பற்றிக் கணக்கெடுத்து 1986-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 87 சதவீதம் பேர் அனுப்பப்பட்ட காரணம், போதிய காப்பீடு இல்லை என்பதே. அதே ஆண்டில் அங்கே சட்டம் வந்தது. முதியோருக்கான அரசுக் காப்பீட்டுப் பணத்தை வாங்கும் எந்த மருத்துவமனையும், அவசரமென்று வருகிற எவரையும் பரிசோதிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து நீங்கும் வரை சிகிச்சை தர வேண்டும். பணம் உண்டா என்று கேட்டுக்கொண்டு தாமதிக்கக் கூடாது.

மூன்று ஆண்டுகள் கழித்து நம் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய அதையே சொன்னது. ஸ்கூட்டரில் போனவர் காரில் அடிபட்டு விழுந்தார். பார்த்த ஒருவர் அவரை அருகிலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். போலீஸ் வழக்கு சம்பந்தப்பட்டது, இதைப் பார்க்க அனுமதி பெற்ற மருத்துவமனைக்குப் போங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அது 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. வழியிலேயே உயிர் போய்விட்டது. இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த பரமானந்த கடாரா என்பவர் தொடர்ந்த வழக்கில், 1989 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பது முதல் கடமை, போலீஸ் நடைமுறை பிறகு. 1996-ல் இன்னொரு தீர்ப்பு. ரயிலிலிருந்து விழுந்த மேற்கு வங்காளத்து விவசாயத் தொழிலாளி ஒருவரைப் பல அரசு மருத்துவமனைகள் கட்டில் இல்லையென்று திருப்பி அனுப்பின. அவர் தனியார் மருத்துவமனையில் பணம் செலவழித்துப் பிழைத்தார். கட்டில் இல்லை என்பது ஒரு பதிலாகாது என்றது நீதிமன்றம். அடிபட்டவரைத் தூக்கிவருகிறவரை விசாரணை என்று பிடித்துவைக்கக் கூடாது, பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற வழிமுறைகளாலும், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தத்தாலும் உறுதியாயிற்று. (சபையாரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? போலீஸுக்குப் பயந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தை இன்றும் பார்க்கிறோம். வாலிபர் கூட்டத்தில் ஒரு முறை சொல்லுங்கள்.)

இவை யாவும் நன்மையான சட்டங்கள். ஆனால் கதவைத் திறக்கச் சொன்ன சட்டம், உள்ளே ஆகும் செலவை யார் கொடுப்பது என்று சொல்லவில்லை. அமெரிக்கச் சட்டம் ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை. அங்குள்ள அவசர சிகிச்சை மருத்துவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். நம் பக்கத்தில் இது வேறு உருவம் எடுத்தது. முதலுதவி என்ற பெயரில் ஒரு குளுக்கோஸ் பாட்டில், ஓர் ஊசி, "மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறோம்" என்று ஒரு சீட்டு. அதோடு சட்டத்தின் கடமை நிறைவேறிவிட்டது. இரவு வேளையில் அப்படி மூன்று சீட்டுகளோடு எங்களிடம் வந்து சேருகிறவர்கள் உண்டு. சிறிய மருத்துவமனைகளை நாங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இரத்தம் இல்லை, மயக்க மருந்து டாக்டர் இல்லை, நோயாளி இறந்துபோனால் கூட்டம் வந்து கண்ணாடியை உடைக்கும் என்ற பயமும் இருக்கிறது. மருத்துவமனைகளைத் தாக்குகிறவர்களைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்தும் அந்தப் பயம் போகவில்லை.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தபிறகு, வந்து சேரும் நேரம் எவ்வளவோ குறைந்திருக்கிறது. 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய திட்டத்தின்படி, சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராயிருந்தாலும், பதிவு பெற்ற மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. இப்படி ஒரு காலம் வரும் என்று 1989-ல் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இருந்தாலும் 49-ஆம் மணி என்று ஒன்று இருக்கிறது. பாம்புக்கடிக்கும் வலிப்புக்கும் அந்தச் சாலை விபத்துத் திட்டம் பொருந்தாது என்பதும் இருக்கிறது. தாங்கள் அனுப்பும் ஏழை நோயாளர் நிதி எங்கே போகிறது என்று கேட்டால், பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான்.

கூட்டம் யாரால்?

சளிக்கும் இருமலுக்கும்கூட அவசரப் பிரிவுக்கு வந்துவிடுகிறார்கள், அவர்களால்தான் நெரிசல் என்று படித்தவர்களே சொல்வதைக் கேட்கிறோம். இது சரியல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதை அளந்தே பார்த்து 2007-ல் எழுதினார்கள். எட்டு மணி நேரத்தில் சாதாரண நோயாளிகள் பத்துப் பேர் கூடுதலாக வந்தால், கடுமையான நோயாளிகள் அங்கே தங்கும் நேரம் சராசரியாக ஐந்து நிமிடம்தான் கூடுகிறது. காய்ச்சலோடு வருகிறவர் ஒரு நாற்காலியில் உட்காருகிறார், மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவர் கட்டிலைப் பிடிப்பதில்லை.

கட்டிலைப் பிடித்திருப்பவர் வேறு. அவரைப் பரிசோதித்தாயிற்று, சிகிச்சை தொடங்கியாயிற்று, வார்டில் சேர்க்க வேண்டும் என்று எழுதியுமாயிற்று. வார்டில் இடமில்லை. ஆகவே அவர் இங்கேயே இருக்கிறார். அடுத்தவர் வருகிறார், அவருக்கும் இடமில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எட்டுக் கட்டிலில் ஆறு பேர் வார்டுக்குப் போக வேண்டியவர்கள். மிஞ்சிய இரண்டு கட்டிலில்தான் அவசர சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. அந்த ஆறு பேருக்கும் மருந்து கொடுப்பது, சிறுநீர் அளப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் இங்குள்ள நர்ஸின் தலையில்தான். அவர் அதைச் செய்துகொண்டிருக்கும்போது வாசலில் மாரடைப்போடு ஒருவர் வந்து இறங்குகிறார். இந்நிலையில் இன்னும் நாலு கட்டில் போட்டால் என்ன ஆகும் என்று தாங்களே எண்ணிப் பாருங்கள். வார்டுக்குப் போக வேண்டியவர்கள் ஆறுக்குப் பதில் பத்துப் பேராவார்கள்.

இது வசதிக் குறைவு மட்டுமல்ல. இங்கிலாந்தில் பல லட்சம் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. மருத்துவமனைக்கு வந்து ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேலாகியும் வார்டுக் கட்டில் கிடைக்காமல் காத்திருக்கும் ஒவ்வொரு 82 பேருக்கும், கூடுதலாக ஒருவர் ஒரு மாதத்துக்குள் இறக்கிறார். அங்கே யாரும் பணம் கட்டுவதில்லை. எல்லாருக்கும் இலவச மருத்துவம் உள்ள நாடு. ஆகவே பணம் கொடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை.

நியூயார்க் மாநிலத்தில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசர சிகிச்சை மருத்துவர் பீட்டர் விசெல்லியோ என்பவர் இதற்கு ஒரு எளிய வழியை எடுத்துச் சொன்னார். அவசரப் பிரிவின் ஒரே நடைபாதையில் பத்து நோயாளிகளைக் கிடத்துகிறோம். அதற்குப் பதிலாக, பத்து வார்டுகளின் நடைபாதையில் ஆளுக்கு ஒருவராகக் கிடத்தினால் என்ன? ஒரு வார்டு நர்ஸுக்கு ஒருவர் கூடுவார், தாங்கிக்கொள்ளலாம். 2001 முதல் அங்கே அப்படியே செய்தார்கள். நோயாளிகளிடம் கேட்டபோது பெரும்பாலோர் வார்டு நடைபாதையையே விரும்பினார்கள். எங்களுக்கு இதில் பிடித்தது இதுதான்: வந்து நிற்பவர் கேஷுவால்டியின் நோயாளி அல்ல, மருத்துவமனை முழுவதற்கும் உரியவர் என்று அந்த மனிதர் எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைத்தார். பணம் செலவாகவில்லை. மனஸ்தாபம் நிறைய ஆகியிருக்கும் என்று நினைக்கிறோம், ஏனெனில் எந்த ஊரிலும் வார்டுச் சிஸ்டர்மார் நடைபாதையில் கட்டில் போடச் சம்மதிப்பது சுலபமல்ல.

சரி, நம் வார்டுகள் ஏன் காலியாவதில்லை? காலை ரவுண்டில் டாக்டர் "இன்று வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதுகிறார். நோயாளி எழுந்து போவது மாலை ஆறு மணிக்கு. இடையில் பில் போட வேண்டும், காப்பீட்டு அலுவலகத்தின் ஒப்புதல் வர வேண்டும், நகையை அடகு வைக்கப் போன மகன் திரும்பி வர வேண்டும், கார் கிடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் இவற்றில் பாதி நடக்காது. இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன தகப்பனாருக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். தாயாருக்கு எழுபது வயது, அவரால் தூக்கித் திருப்பிப் போட முடியாது. எங்கே அனுப்புவது? இங்கிலாந்தில் இதையே அரசாங்கமும் மருத்துவமனைகளும் பெரிய சிக்கலாகச் சொல்கின்றன. இங்கே அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. சிறிய சபை ஒன்று வாரத்தில் இரண்டு நாள் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி விடுவதால் ஒரு வார்டுக் கட்டில் காலியாகிறது. அது ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் இன்னொருவரை உள்ளே கொண்டுவருகிறது. இந்தத் தொடர்பு வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது.

வாசலுக்கு வருமுன்

ஒரு காலின் கதையைச் சொல்லுகிறோம். எவருடையது என்று சொல்ல வேண்டியதில்லை, மாதம் தவறாமல் வருகிற கதை. ஐம்பது வயதுத் தாய். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி, பாதம் மரத்துப்போயிருக்கிறது. வயலில் முள் குத்தியது தெரியவில்லை, வலிக்கவில்லையே. நாலாம் நாள் வீக்கம், மஞ்சள் அரைத்துப் பூசினார்கள். பத்தாம் நாள் நாற்றம். இரண்டாம் வாரம் குளிர்காய்ச்சலோடு நினைவு தப்பி, இரத்த அழுத்தம் இறங்கி, ஆம்புலன்ஸில் வருகிறார். உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாகிறது. மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த அறுவைக்குப் பணம் உண்டு. அந்தக் காலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய செருப்புக்கு இல்லை.

செருப்பு என்று வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வேலூரில் 1946 முதல் உழைத்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் அழுகுவது கிருமியால் மட்டுமல்ல, வலி தெரியாமல் நடப்பதால் என்று கண்டு சொன்னார். அதன் பலனாக மென்மையான ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்புகள் நம் தொழுநோய் மருத்துவமனைகளில் சாதாரணமாயின. பிராண்ட் 1966-ல் அமெரிக்காவுக்குப் போனபின் அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருத்திக் காட்டினார். அறிவு நம் மாநிலத்திலேயே பிறந்தது. ஆனால் சர்க்கரை நோயாளியிடம் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்க்க எந்த வெளிநோயாளர் பிரிவில் நேரம் இருக்கிறது? ஒரு காலையில் ஒரு டாக்டர் நூறு பேரைப் பார்க்கிறார்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். வீடு தேடிச் சென்று சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிற்று. எங்கள் வேலையை இது குறைக்கும் என்று நம்புகிறோம். ஆனாலும் பக்கவாதத்தோடு வருகிறவரின் மனைவியிடம் "பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா?" என்று கேட்டால், "சாப்பிட்டார் சார், நார்மலாகிவிட்டது என்றார்கள், நிறுத்திவிட்டார்" என்ற பதில்தான் இன்னும் வருகிறது. மாத்திரையால்தான் நார்மலாயிற்று என்று எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்கு எந்தக் காப்பீடும் கட்டணம் தருவதில்லை.

பூச்சிமருந்து அருந்தி வருகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் இளம் வயது. வீட்டில் ஒரு வாக்குவாதம், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு புட்டி. சாக வேண்டும் என்று தீர்மானித்து வந்தவர்கள் மிகச் சிலரே. பலர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றுங்கள் என்று அழுகிறார்கள். சில நாட்கள் செயற்கை சுவாசக் கருவியில் வைத்து, இரவும் பகலும் பார்த்துச் சிலரைப் பிழைக்க வைக்கிறோம். அண்டை நாடான இலங்கையோ வேறு வழியைப் பார்த்தது. மிகவும் கொடிய பூச்சிமருந்துகளை 1995-லும் அதற்குப் பின்னும் படிப்படியாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். மனவருத்தம் அந்த ஊரிலிருந்து நீங்கிவிடவில்லை. கைக்கு எட்டிய புட்டியில் கொடிய விஷம் இல்லை, அவ்வளவே. எத்தனை சுவாசக் கருவி வாங்கினால் 93,000 பேரைப் பிழைக்க வைக்கலாம்? தமிழ்நாட்டிலும் 2023 தொடக்கத்தில் கொடிய எலி மருந்து ஒன்று நிரந்தரமாகவும், பூச்சிமருந்துகள் சில தற்காலிகமாகவும் தடை செய்யப்பட்டன. தடையை நீட்டிக்கவும் விரிவாக்கவும் தங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதுவதும் எங்களுக்குச் செய்யும் உதவியே.

பெயர்ப்பலகை எங்கே மாட்டுவது?

இனித் தங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறோம்: நாங்கள் என்ன வாங்கித் தரலாம்? மனத்தாழ்மையோடு, ஆனால் மறைக்காமல் எழுதுகிறோம். இயந்திரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு சுவாசக் கருவிக்கு எந்நேரமும் பக்கத்தில் ஒரு நர்ஸ் வேண்டும். மூன்று ஷிஃப்டு, வார விடுமுறை, காய்ச்சல், பிரசவ விடுப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு கருவிக்கு ஐந்து பேர். 2020, 2021 கொரோனா காலத்தில் நாடெங்கும் கருவிகள் வந்து இறங்கின. இயக்கப் பயின்றவர்கள் இல்லாமல் உறை பிரிக்காமலே கிடந்தவையும் உண்டு. எங்களிடம் மூன்று ஆண்டு பயின்று கைதேர்ந்த சகோதரிகள் வளைகுடாவுக்கும் அயர்லாந்துக்கும் போகிறார்கள். குடும்பக் கடன் இருக்கிறது, தங்கையின் திருமணம் இருக்கிறது. போகிறவர்களை ஜெபித்துத்தான் அனுப்புகிறோம், குறை சொல்வதில்லை. ஆனால் அன்றிரவு அந்தக் கருவியின் பக்கத்தில் நிற்பவர் போன மாதம் சேர்ந்தவர்.

நம் ஊர்க் கோயில்களிலும் ஆலயங்களிலும் டியூப் லைட்டில் பாதிக்கு மேல் "உபயம்" என்று பெயர் எழுதி வெளிச்சத்தை மறைத்துவிடுவார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கட்டிலின் தலைமாட்டில் பெயர் எழுதலாம், கருவியின் முதுகில் ஒட்டலாம். ஒரு நர்ஸின் சம்பளத்தில் எங்கே எழுதுவது? மாதாமாதம் கொடுத்த மாத்திரையில்? இதனால்தான் கட்டிடத்துக்கும் கருவிக்கும் வருகிற காணிக்கை சம்பளத்துக்கும் வெளிநோயாளர் மருந்துக்கும் வருவதில்லை என்று நினைக்கிறோம். தவறாக எண்ணாதீர்கள்.

விலையில் குறைந்தது பலனில் குறைந்ததல்ல என்பதற்கு மருத்துவ உலகம் அறிந்த ஒரு சாட்சி உண்டு. மாரடைப்போடு வந்த 17,187 பேரை வைத்து நடந்து 1988-ல் வெளியான பெரிய ஆய்வு அது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி ஐந்து வார மரணத்தை 25 சதவீதம் குறைத்தது. சில காசு விலையுள்ள ஆஸ்பிரின் மாத்திரை 23 சதவீதம் குறைத்தது. இரண்டும் சேர்ந்தபோது 42 சதவீதம். ஊசியின் விலையோ மாத்திரையைப்போல் பல நூறு மடங்கு. இன்று நோயாளியின் உறவினர் "ஸ்கேன் எடுக்கவில்லையா?" என்று கேட்கிறார்களே தவிர, "ஆஸ்பிரின் கொடுத்தீர்களா?" என்று கேட்பதில்லை. ஸ்கேன் எடுக்காத டாக்டர் மேல் வழக்கு வரும் என்ற பயமும் சேர்ந்து, தலைவலி என்று வருகிற எல்லாருடைய தலையும் இயந்திரத்துக்குள் போய் வருகிறது.

மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுக்கும் பங்கு, அரசின் கணக்குப்படி 2013-14-ல் 64.2 சதவீதமாயிருந்தது, 2021-22-ல் 39.4 ஆகக் குறைந்தது. மகிழ்ச்சியான மாற்றம். மிஞ்சியிருக்கும் அந்தப் பங்கில் மாத்திரை, பஸ் சார்ஜ், பரிசோதனைக் கட்டணம் என்று சிறு சிறு தொகைகள் எத்தனையோ. அவற்றில் ஒன்று தவறினாலும் ஆறு மாதம் கழித்து ஆம்புலன்ஸில் வருகிறார்கள். தாங்கள் நியமித்து அனுப்பாமல் "தேவையான இடத்தில் பயன்படுத்துங்கள்" என்று எழுதி அனுப்பும் ஐந்நூறு ரூபாய் அங்கேதான் வேலை செய்கிறது.

இனி தங்களுக்காகவும் ஒரு வார்த்தை. தங்கள் வீட்டில் எவருக்காவது அவசரம் நேரிட்டு எங்களிடமோ வேறெங்குமோ போகும்போது, சாப்பிட்டுவந்த மாத்திரைகளின் அட்டைகளை, வெறும் அட்டையாயிருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையவிடாமல் கொண்டுவாருங்கள்; பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு வர வேண்டாம். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ பக்கவாதம் என்று எண்ணிச் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். நாலரை மணி நேரத்துக்குள் தகுதியானவர்களுக்குக் கட்டி கரைக்கும் மருந்து கொடுக்கலாம். "எத்தனை மணிக்கு இப்படி ஆயிற்று?" என்று டாக்டர் கேட்பார். தூங்கி எழுந்தபோது கண்டோம் என்றால், இரவு எத்தனை மணிக்குக் கடைசியாக நன்றாகப் பேசினார் என்பதை நினைவுபடுத்தி, ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.